சர்வாதிகாரம் சாய்ந்த பின்: நம் மாவட்டம் கற்றுத் தரும் பாடம்

முன்னுரை



இவ்வாண்டு வரலாற்று வகுப்பில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம் எழுந்தது. "ஓயாமல் மந்திரிசபை கவிழ்வதை விடக் கண்டிப்பான ஒருவர் தனியாக ஆண்டால் நாடு ஒழுங்காக இருக்குமே!" என்றாள் ஒருத்தி. "எங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்லுவார். சி. பி. காலத்தில் எல்லாம் ஒழுங்காய் நடந்ததாம்" என்றாள் மற்றொருத்தி. வகுப்பில் பாதிப் பேர் அவர்கள் பக்கம் சேர்ந்து கொண்டோம்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தலைவியாக இருந்தவள் மிகவும் கண்டிப்பானவள். யார் வாய் திறந்தாலும் கரும்பலகையில் பெயர் ஏறிவிடும். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியோடு இருக்கும். ஆண்டின் நடுவில் அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வகுப்பு மீன் சந்தையாயிற்று. புதிதாக வந்த இரண்டு தலைவியரும் ஒருவர் பின் ஒருவராக அழுதுகொண்டே விலகினார்கள். நாங்கள் சகோதரியிடம் சென்று, "முன்னவளைப் போலவே ஒருத்தியைத் தாருங்கள்" என்று கேட்டோம்.

இந்த நினைவோடு நாங்கள் வாதாடியதைக் கேட்டுக் கொண்டிருந்த சகோதரி, "சி. பி. யார், அவர் போன பின் இந்த மண்ணில் நடந்தது என்ன என்று முதலில் படியுங்கள்; பிறகு பேசலாம்" என்றார்கள். அவ்வாறு படித்தும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டும் நாங்கள் அறிந்துகொண்டதே இக்கட்டுரையாகும்.

நாம் வாழ்ந்த திருவிதாங்கூர்

இன்று கடியப்பட்டணம் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1956ஆம் ஆண்டு வரை நம் ஊர், கல்குளம் தாலுகாவின் ஏனைய ஊர்களோடு சேர்ந்து மலையாள நாட்டு ஆட்சியின் கீழ் இருந்தது. முதலில் அது மன்னர் ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் அது கொச்சியோடு இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாயிற்று.

எங்கள் தெருவில் தொண்ணூறு வயதைத் தொட்ட பாட்டியார் ஒருவர் இருக்கிறார். அவர் சிறுமியாய் இருந்த போது திருநெல்வேலிப் பக்கம் போவதென்றால் ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடியைக் கடந்தாக வேண்டுமாம். கச்சேரியில் ஒரு மனுக் கொடுக்க வேண்டுமானால், மலையாளம் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து அவர் கையில் காசு கொடுக்க வேண்டுமாம். உலகப் போரின் போது அரிசி அருமையாகிவிட, மரச்சீனியும் மீனுமே மூன்று வேளையும் உணவாயிற்றாம். "அப்போ நம்ம சங்கடத்தை யாருகிட்ட மக்களே சொல்ல முடியும்?" என்று பாட்டியார் எங்களைத் திருப்பிக் கேட்டார்.

திவானின் ஆட்சி

ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் திவானாக 1936 முதல் 1947 வரை இருந்தவர் சர் சி. பி. இராமசாமி அய்யர். சென்னையில் புகழ் பெற்ற வழக்கறிஞராயிருந்தவர், பேரறிஞர். அவர் செய்த நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. 1936 நவம்பர் 12இல் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசின் பொறுப்பில் இருந்த கோயில்களின் கதவு திறந்தது. 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தோன்றியது. பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தால் மின்சாரம் வந்தது. 1944இல் மரண தண்டனை நீக்கப்பட்டது. பெரியவர்கள் சிலர் இன்னும் அக்காலத்தைப் புகழ்வது இவற்றை எண்ணித்தான்.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. மக்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி வேண்டும் என்று கேட்டு 1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அது தடை செய்யப்பட்டது. பட்டம் தாணுபிள்ளை முதலிய தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். 'மலையாள மனோரமா' நாளிதழ் மூடி முத்திரையிடப்பட்டது. ஊர்வலங்கள் மீது துப்பாக்கிகள் முழங்கின. 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியின் புன்னப்புராவிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் பெருந்தொகையாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பெண் குலத்திற்குப் பெருமை தேடித் தந்த இருவரை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இருவருமே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள். காஞ்சிரப்பள்ளி அக்கம்மா செறியான் அம்மையார், ஆசிரியைப் பணியைத் துறந்து போராட்டத்திற்கு வந்தவர். 1938 அக்டோபர் 23ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அரண்மனையை நோக்கிச் சென்ற பெருங்கூட்டத்திற்குத் தலைமை தாங்கினார். சுட உத்தரவிட்ட அதிகாரியின் முன் நின்று, முதலில் தன்னைச் சுடும்படி சொன்னவர் அவர். திருவனந்தபுரத்து அன்னி மஸ்கரீன் அம்மையார் பலமுறை சிறை சென்றவர். பின்னர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும், மந்திரியாகவும், 1952இல் கட்சிச் சார்பின்றி வென்று மக்களவை உறுப்பினராகவும் விளங்கினார்.

போராட்டம் முற்றிய போது திவான் 1946இல் ஒரு புதிய திட்டத்தை வெளியிட்டார். வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை உண்டு. ஆனால் வாக்குப் பெற்று வருகிற சபைக்குத் திவானை விலக்கும் அதிகாரம் இல்லை. இதற்கு 'அமெரிக்க மாதிரி' என்று பெயர். 'அமெரிக்க மாதிரி அரபிக்கடலில்' என்று மக்கள் முழங்கினார்கள். அதனைக் கடலில் எறிய வேண்டும் என்பதே அதன் பொருள்.

1947 ஜூன் மாதத்தில், வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் அறிவித்தார். நம் ஊரை அடுத்த மணவாளக்குறிச்சியின் கருமணலில் தோரியம் என்னும் அணுசக்திப் பொருள் கிடைப்பதும் அக்கனவுக்கு ஒரு பலமாக எண்ணப்பட்டது. நாம் கால் பதித்து விளையாடும் மணலுக்கு இப்படியொரு வரலாறு உண்டென்று அறிந்து வியந்து போனோம்.

1947 ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவிலிருந்து வெளியே வரும் போது, திவானை ஓர் இளைஞர் கத்தியால் வெட்டினார். திவான் உயிர் பிழைத்தார். ஆனால் தனி நாட்டுக் கனவு பிழைக்கவில்லை. சில நாட்களிலேயே மகாராஜா இந்தியாவோடு சேர இசைந்தார். ஆகஸ்டில் சி. பி. திருவிதாங்கூரை விட்டுச் சென்றார். செப்டம்பர் 4ஆம் நாள், மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி அமையும் என்று மகாராஜா பிரகடனம் செய்தார்.

எட்டு ஆண்டுகளில் ஆறு ஆட்சிகள்

இனி எல்லாம் நலமே என்றுதான் மக்கள் நினைத்திருப்பார்கள். 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வயது வந்த ஆண் பெண் அனைவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. இந்தியா முழுவதும் அத்தகைய தேர்தலைக் காண்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே நம் பாட்டிமார் வாக்களித்துவிட்டார்கள் என்பது பெருமைக்குரியது. 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸ் 97 இடங்களைப் பிடித்தது. தமிழ்ப் பகுதியில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களில் வென்றது.

97 பேர் பலமுள்ள ஆட்சி எத்தனை நாள் நின்றது தெரியுமா? மார்ச் மாதம் பதவியேற்ற பட்டம் தாணுபிள்ளையின் மந்திரிசபை அக்டோபரில் விழுந்தது. விழச் செய்தவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர், சொந்தக் கட்சியினரே! அடுத்து வந்தவர் பறவூர் டி. கே. நாராயண பிள்ளை. 1951இல் சி. கேசவன் வந்தார். 1952இல் ஏ. ஜே. ஜான் வந்தார். தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை விலக்கிக் கொண்டதால் 1953 செப்டம்பரில் அவர் மந்திரிசபை சபையில் தோற்றது. 1954இல் மறு தேர்தல் வந்தது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வெறும் 19 உறுப்பினர்களைக் கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரஸின் ஆதரவோடு ஆட்சி அமைத்தது. மீண்டும் பட்டம் தாணுபிள்ளையே முதல்வரானார். 1955 பிப்ரவரியில் அதுவும் கவிழ்ந்தது. பனம்பிள்ளி கோவிந்த மேனன் வந்தார். 1956 மார்ச்சில் அவரும் விலக, ஜனாதிபதி ஆட்சி வந்தது.

எட்டே ஆண்டுகளில் ஆறு ஆட்சிகள்! "சி. பி.யே தேவலை" என்று சிலர் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை. நாங்களும் இந்த இடம் வரை படித்த போது, வகுப்பில் கட்சி கட்டியது சரிதான் என்றே எண்ணினோம்.

ஏன் இந்த ஆட்டம்?

கடற்கரையில் பிறந்த நாம் கரைமடி இழுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரே மடியை இரண்டு கூட்டமாய் நின்று இரண்டு கயிற்றில் இழுக்கிறார்கள். ஒரு பக்கம் வேகமாயும் ஒரு பக்கம் மெதுவாயும் இழுத்தால் மடி சாய்ந்துவிடும், மீன் தப்பிவிடும். ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்து இழுப்பது ஒரே நாளில் வந்துவிடாது. சிறு வயது முதல் கயிற்றைப் பிடித்துப் பழகியவர்களுக்கே அது வரும்.

திருவிதாங்கூர் மக்களுக்கு அந்தக் கயிற்றைப் பிடித்துப் பழகத் திவான் இடம் கொடுக்கவில்லை. இதுவே ஆட்டத்தின் முதற் காரணம் என்று நாங்கள் எண்ணுகிறோம். அவர் காலத்து அமைதி, பேச வேண்டியவர்கள் சிறையில் இருந்ததால் உண்டான அமைதி. அவர் போனதும் பேச்சும் சண்டையும் ஒன்றாகக் கிளம்பின.

இரண்டாவது காரணம், பொதுப் பகைவன் ஒருவன் இருந்த வரைக்கும் எல்லாரும் ஓரணியில் நின்றார்கள். அவன் மறைந்ததும் சாதியாலும் சமயத்தாலும் வட்டாரத்தாலும் பிரிந்தார்கள். ஒருவரை எதிர்ப்பதில் ஒற்றுமைப்படுவது எளிது. ஒன்றைக் கட்டுவதில் ஒற்றுமைப்படுவதுதான் அரிது.

மூன்றாவது காரணம் நம்மைப் பற்றியது. தென் தாலுகாக்களின் தமிழர்கள், தங்கள் மொழியில் ஆட்சியும் கல்வியும் வேண்டும், சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கறிஞர் ஏ. நேசமணி அவர்கள் தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸ் இதற்காகப் போராடியது. மக்கள் அவரை 'மார்ஷல்' என்றே அழைத்தனர். நம் திருச்சபை 1930ஆம் ஆண்டிலேயே கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து தமிழ் பேசும் பகுதியைப் பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டத்தை அமைத்துவிட்டது. அரசு அதே நியாயத்தைக் காண மேலும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. அது வரை, காதில் வாங்கப்படாத அந்தக் கோரிக்கை ஒவ்வொரு மந்திரிசபையின் காலடியிலும் குழி தோண்டிக் கொண்டே இருந்தது.

1954 ஆகஸ்ட் 11

இந்நாளைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. அன்று தமிழ்நாடு காங்கிரஸ் அறிவித்திருந்த போராட்டத்தின் போது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டார்கள். நம் மாவட்டத்தின் மைந்தர்கள் பலர் உயிர் துறந்தார்கள்.

அப்போது முதல்வராய் இருந்தவர் யார்? திவானின் சிறையில் வாடிய அதே பட்டம் தாணுபிள்ளை. இதைப் படித்த போது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சர்வாதிகாரியை வெறுத்தவரின் ஆட்சியிலும் துப்பாக்கி வெடித்ததே! அப்படியானால் திவானுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு உண்டு என்பதைப் பின்னர் கண்டோம். துப்பாக்கிச் சூடு நடந்ததும், ஆளும் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளரான டாக்டர் ராம் மனோகர் லோகியா, தம் சொந்தக் கட்சியின் மந்திரிசபையே பதவி விலக வேண்டும் என்றார். அப்போது அவரே வேறொரு போராட்டத்திற்காக வடநாட்டில் சிறையில் இருந்தார். கட்சி அவர் சொல்லை ஏற்கவில்லை; அவர் தம் பொறுப்பை விட்டு விலகினார். சில மாதங்களில் காங்கிரஸும் ஆதரவை விலக்க, சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி மந்திரிசபை வீழ்ந்தது. திவானைப் பதவியிலிருந்து போக்கக் கத்தி வேண்டியிருந்தது. முதல்வரைப் போக்க, கை தூக்கிய வாக்குகள் போதுமானவையாயிருந்தன. இறந்தவர்கள் திரும்பவில்லை, அந்தத் துயரம் துயரமே. ஆயினும் ஆட்சியை நோக்கி "ஏன் சுட்டாய்?" என்று கேட்க ஒரு சபை இருந்தது.

ஆட்டம் எப்படி நின்றது?

நம் பகுதியின் கலக்கம், வலுத்த கை ஒன்று வந்து அடக்கியதால் நிற்கவில்லை. குறையைக் கேட்டுத் தீர்த்ததால் நின்றது. மத்திய அரசு 1953இல் அமைத்த மாநிலச் சீரமைப்புக் குழு ஊர் ஊராக மனுக்களைப் பெற்று, 1955இல் அறிக்கை தந்தது. அதன்படி 1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை, தேவிகுளம், பீர்மேடு முதலிய தாலுகாக்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டன. ஆயினும் பேச்சினாலும் சட்டத்தினாலும் ஓர் எல்லை மாறியது. பகை வளராமல் இன்றும் நம்மவர் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கும், அங்குள்ளவர் நம் ஊர்த் திருவிழாக்களுக்கும் வந்து போகிறார்கள்.

கேரளத்தில் அதன் பிறகும் மந்திரிசபைகள் பல கவிழ்ந்தன. ஆனால் பள்ளிக்கூடங்கள் கவிழவில்லை. 1991இல் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அது அறிவிக்கப்பட்டது. ஆட்சி ஆடுவது வேறு, நாடு விழுவது வேறு என்பதை இதனால் அறிகிறோம்.

பிற இடங்களில்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1975 ஜூனில் வந்த நெருக்கடி நிலை 1977 மார்ச்சில் நீங்கிய போது, பல கட்சிகள் சேர்ந்த ஜனதா ஆட்சி டில்லியில் அமைந்தது. மொரார்ஜி தேசாயின் அந்த ஆட்சி 1979 ஜூலையிலேயே உட்பூசலால் முறிந்தது. அடுத்து வந்த சரண் சிங் ஒரு மாதத்திற்குள், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே பதவி விலகினார்.

கத்தோலிக்க நாடாகிய பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் என்பவர் இருபது ஆண்டு ஆண்டார். 1986 பிப்ரவரியில், கர்தினால் சின் அவர்களின் வானொலி அழைப்பைக் கேட்டு மக்கள் மணிலா வீதிகளில் திரண்டனர். அருட்சகோதரியர் செபமாலை ஏந்தி டாங்கிகளின் முன் முழந்தாளிட்டனர். மார்க்கோஸ் ஓடிப் போனார். பின்னர் வந்த கொரசோன் அக்கினோ அம்மையாரைக் கவிழ்க்கப் படையினர் மீண்டும் மீண்டும் முயன்றனர். அம்மையார் தாக்குப் பிடித்து, 1992இல் தேர்தலில் வென்றவரிடம் அமைதியாகப் பதவியை ஒப்படைத்தார். ஆனால் 2022இல் மார்க்கோஸின் மகனே தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். பழையதை மறந்துவிட்டால் "அக்காலமே பொற்காலம்" என்ற பேச்சு எங்கும் தலை தூக்கும் போலும்!

முடிவுரை

'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்பது பழமொழி. அவ்வாய்க்காலில் தண்ணீர் நேராக ஓடலாம். ஆனால் நம் வயலுக்கு வருமா வராதா என்று கேட்க முடியாது. மக்களாட்சியில் வாய்க்கால் வெட்டப் பத்துப் பேர் சண்டையிடுவார்கள், காலம் தாழும், சில சமயம் கோபமும் வரும். அந்தக் கோபத்தில் "ஒரு சர்வாதிகாரி வந்தால் தேவலை" என்று நாம் சொல்லிவிடலாகாது. அப்படிச் சொல்வது, பாட்டியார் கேட்ட கேள்விக்கு நாமே வாயடைத்து நிற்பதாகும்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! சகோதரி எங்களுக்குக் கண்டிப்பான தலைவியைத் தரவில்லை. வேலைகளைப் பிரித்து ஆறு பேரிடம் கொடுத்தார்கள். வெள்ளிதோறும் கடைசிப் பாட வேளையில் குறைகளை எழுந்து நின்று சொல்லலாம் என்றார்கள். முதல் வெள்ளியன்று ஒரே கூச்சல். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், எப்போதும் பேசாத பின் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, தண்ணீர்ப் பானை தூக்கும் வேலை தங்கள் வரிசைக்கு மட்டுமே வருகிறது என்றாள். அது உண்மைதான். கண்டிப்பான தலைவியின் காலத்திலும் அப்படித்தான் இருந்ததாம். சொன்னால் பெயர் கரும்பலகையில் ஏறும் என்று அஞ்சி அவர்கள் சொல்லவில்லையாம். அமைதியான வகுப்பு என்று நாங்கள் புகழ்ந்த நாட்களில் பின் வரிசை பட்ட பாடு எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. அடுத்த திங்கள் முதல் பானை எல்லா வரிசைக்கும் முறை வைத்து வந்தது.

இன்னும் மூன்று ஆண்டுகளில் நம் கையிலும் வாக்குச் சீட்டு வரும். 1948இல் முதன்முதலாக வரிசையில் நின்ற நம் பாட்டிமாரையும், அக்கம்மா, அன்னி ஆகிய அம்மையார்களையும், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் வீழ்ந்தவர்களையும் அன்று நினைத்துக் கொள்வோமாக. பிறர் குறையைக் கேட்கும் செவியையும், நம் குறையைச் சொல்லும் துணிவையும் இறைவன் நமக்கு அருள்வாராக.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு